அந்தோணி என்று நாங்கள் கூப்பிட்டவர்

13 ஜூன் 2024, வியாழன்

மாட்டுத்தாவணியிலிருந்து ஒருவரை எங்கள் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தோம். பூ மார்க்கெட் பக்கம் மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தாராம். எழுபது வயதிருக்கும். வலது கை, கால் வராது. பேச்சும் போய்விட்டது. பெயர் கேட்டால் நம் முகத்தையே பார்க்கிறார்.

பெயர் தெரியாமல் வருகிறவர்களுக்கு அன்றைய புனிதரின் பெயரை வைப்பது எங்கள் இல்லத்து வழக்கம். போன வருடம் ஜூலையில் வந்தவருக்குப் பொனவெந்தூர் என்று வைத்தோம். பதினைந்து நாள் கழித்து வாயைத் திறந்து, "எம்பேரு முத்திருளன். இன்னொரு தடவ அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க, எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார். போகவில்லை. இப்போது சமையலறை அவர் ராஜ்ஜியம்.

இன்று புனித அந்தோணியார் திருநாள். ஆகவே அந்தோணி. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் புனிதர், பொருத்தம்தான்.

படுத்தபடியே இடது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு செபமாலையைக் கொடுத்தேன். உடனே மணி உருட்ட ஆரம்பித்துவிட்டார். அப்புறம் என்ன சந்தேகம், நம்ம ஆள். போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பினேன். பெயர்: அந்தோணி. மதம்: கிறிஸ்தவர். அடையாளம்: வெள்ளைத் தாடி, நெற்றியில் கறுப்புத் தழும்பு, கீழே விழுந்ததால் வந்தது.

தாடி எனக்கு விசேஷமாகப் படவில்லை. கப்புச்சின் துறவற சபையில் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது.

28 ஜூலை

அந்தோணியைக் குளிப்பாட்டுவது என் வேலை. தண்ணீர் சூடு கூடினால் என் தாடியைப் பிடித்து இழுக்கிறார். வலிக்கிறது.

5 செப்டம்பர்

அந்தோணி சிரித்தார். முத்திருளன் ரசத்தில் உப்புப் போட மறந்ததற்கு.

4 அக்டோபர், வெள்ளி

எங்கள் சபைத் தந்தை புனித பிரான்சிஸ் திருநாள். ஏழைக்கு ஏழையாக வாழ்ந்தவரின் விழாவுக்கு ஒரு குடும்பம் அண்டா நிறையப் பன்றிக்கறி கொண்டுவந்தது. அந்தோணி மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டார். மூன்று தடவை ஸ்பூனைக் கொண்டுபோனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பல்வலி போல. கஞ்சி கொடுத்தேன், குடித்தார்.

21 அக்டோபர், திங்கள்

காலை பத்தரைக்கு அந்தோணி போய்விட்டார். முந்தா நாளே மூச்சு வாங்கியது. மடத்துத் தலைவர் ஃபாதர் ஆன்றோ வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்தார். டாக்டர் வந்து சான்றிதழ் எழுதினார். ஸ்டேஷனுக்கும் சொல்லியாயிற்று. நான்தான் குளிப்பாட்டினேன். இன்றைக்குத் தாடியை யாரும் இழுக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் சபைக்கென்று நான்கு இடம் உண்டு. வயதுப்படி அடுத்தது எனக்கு. அதை அவருக்குக் கொடுத்தோம். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

24 அக்டோபர்

முத்திருளனுக்கு ஆறவில்லை. அச்சகக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி அந்தோணி படத்தோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, அவனியாபுரம் பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருக்கிறார். "மதுரையில செத்தா போஸ்டர் வேணும் பிரதர். இல்லாட்டி மனுசன் செத்தான்னே ஒருத்தனும் நம்ப மாட்டான்."

29 அக்டோபர், செவ்வாய்

மதியம் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் வந்தார். பெயர் முபீன். கையில் கிழித்த போஸ்டர்.

"இவரு உங்க ஆளா?"

"எங்க இல்லத்தில் இருந்தவர்."

"அந்தோணின்னு போட்டிருக்கு. இது எங்க ஜலால் மாமு, பிரதர். முனிச்சாலை. டெய்லர். ஜூன் ஒம்பது, விடியக்காலம் சுபுஹு தொழப் போறேன்னு எறங்குனவரு. மறதி ஜாஸ்தி. நாங்க திருச்சி, ஏர்வாடி வரைக்கும் தேடிட்டோம்."

முனிச்சாலை இங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம்.

எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. விரலால் எண்ணியது தஸ்பீஹ், இறைத்துதியின் கணக்கு. நெற்றித் தழும்பு ஐம்பது வருடத் தொழுகை. பன்றிக்கறிக்கு வாயை மூடியது பல்வலியால் அல்ல. நாலு மாதம் குளிப்பாட்டினேனே, சுன்னத் கண்ணில் படவில்லையா? பட்டது. முதல் நாளே பட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த ஆபரேஷன் பண்ணுவார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். படிவத்தில் ஏற்கெனவே எழுதியாயிற்று அல்லவா. எழுதினது சரியாகத்தானே இருக்கணும். முட்டாப்பயலே, தனிஸ்லாஸ்.

அந்தப் போஸ்டரை அவர் உயிரோடு இருக்கும்போது ஒட்டியிருந்தால்?

30 அக்டோபர்

மகள் ஹாஜரா வந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க். அழவில்லை. அத்தா படுத்த கட்டிலைப் பார்த்தார், தலையணையைத் தொட்டார். அப்புறம் சொன்னார்:

"ஜூலையில ஸ்டேஷன் ஸ்டேஷனா ஏறி எறங்குனேன் ஃபாதர். லிஸ்ட்டக் காட்டுனாங்க. வெள்ளத் தாடி, அந்தோணி, கிறிஸ்டியன்னு ஒருத்தரு இருந்தாரு. நம்ம ஆள் இல்லன்னு நாந்தான் பக்கத்தத் திருப்பிட்டேன். என் கையாலயே திருப்பிட்டேன்."

ஃபாதர் ஆன்றோ, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு நன்றி சொன்னார்.

அவர் போனபின் ஆன்றோவிடம் சொன்னேன், படிவம் எழுதியது நான் என்று. என்னைவிடப் பதினேழு வயது இளையவர்; எனக்கு மேலதிகாரி. "கேட்டாச் சொல்லுங்க பிரதர். கேக்காட்டி எதுக்கு? அந்தம்மாவுக்கு இன்னும் வலிக்கத்தான் செய்யும்." நல்ல மனிதர். இல்லத்தை இழுத்து மூடிவிடுவார்களோ என்ற பயமும் அவருக்கு உண்டு, நியாயமான பயம்தான்.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி, பூ, சுண்டல். அந்தோணி — ஜலால் — அவர் மேட்டுக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றேன். என்ன ஏற்றுவது, என்ன சொல்வது?

அந்தப் பெண் தன் கையைத் திட்டிக்கொண்டு திரிகிறார். என் கையைத் திட்ட வேண்டியது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், அதற்குப் பெயர் கருணையா?

4 நவம்பர், திங்கள்

முனிச்சாலைக்குப் போனேன். ஆன்றோவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

ஹாஜரா டீ கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுச் சொல்வது அயோக்கியத்தனம் என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், தழும்பு, சுன்னத்தைப் பார்த்தும் பேசாமல் இருந்தது. பக்கத்தைத் திருப்பியது உங்கள் தப்பில்லை, தப்பாக எழுதியது நான் என்றேன். பன்றிக்கறியையும் சொன்னேன்.

"சாப்பிட்டாரா?"

"இல்லம்மா. வாயை மூடிக்கொண்டார். மூன்று தடவை கொண்டுபோனேன், மூன்று தடவையும் மூடிக்கொண்டார்."

அப்போதுதான் அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. கடைசியில், "எந்திரிச்சுப் போயிருங்க பிரதர்" என்றார்.

போனேன். டீ அப்படியே இருந்தது.

6 நவம்பர்

முபீன் போன் பண்ணினார். அத்தாவை எடுத்து, இறந்துபோன உம்மாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடக்க வேண்டும் என்று ஹாஜராவுக்கு ஆசையாம். பள்ளிவாசல் ஹஜரத் யோசித்து, மண்ணுக்குள் போனவரை அசைக்க வேண்டாம், அங்கேயே போய்த் தொழ வைக்கலாம் என்றாராம். பிறகு ஹஜரத்தே பேசினார்.

"முகம் எந்தப் பக்கம் இருக்கு? மக்கா இருக்குற மேற்குப் பக்கமா?"

"மேலே."

"சரி. அல்லாஹ் அறிவான். சிலுவைய மட்டும் எடுத்துருங்க."

எங்கள் பங்குக் கோவில் ஆட்களில் இரண்டு பேர் கூச்சல் போட்டார்கள். ஆன்றோ எழுந்து, இடம் சபையுடையது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவரைக் குறைத்து எடைபோட்டிருந்தேன். சாயங்காலம் சிலுவையை நானே பிடுங்கினேன். ஆழமாக நட்டிருக்கிறோம். முதுகு பிடித்துக்கொண்டது.

8 நவம்பர், வெள்ளி

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் இரண்டு வேனில் வந்தார்கள். மேட்டுக்கு முன்னால் தொழ மூன்று வரிசை நின்றது. ஹாஜரா கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார். நான் இன்னும் தள்ளி, மதில் ஓரம்.

அவராகவே என்னிடம் வந்தார்.

"எங்க கபர்ஸ்தானா இருந்தா பொம்பளன்னு என்னைய வாசலோட நிப்பாட்டிருப்பாக. இங்கனா உள்ள வந்து பாக்க முடியுது."

தலையை ஆட்டினேன்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. முடியல. ஆனா எங்க அத்தாவக் குளிப்பாட்டுனது நீங்கதான், நாலு மாசம். அங்க போய் நில்லுங்க."

கீழ்ப்படிதல் துறவியாகும்போது நான் கொடுத்த வார்த்தைப்பாடுகளில் ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசை ஓரத்தில் போய் நின்றேன். பக்கத்திலிருந்தவர் என் அங்கியை ஏற இறங்கப் பார்த்தார். "நெருக்கி நில்லுங்க அண்ணே" என்றார். தோளோடு தோள் ஒட்டி நின்றேன். இறந்தவருக்கான தொழுகையில் குனிவதில்லையாம், எல்லாம் நின்றபடியே முடிந்தது. எனக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

ஹாஜரா அப்புறம் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முத்திருளனிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இவர் பாட்டுக்குக் காலை ஆறு மணி என்று சொல்லிவிட்டார். எட்டுக்குத்தான் திறப்பார்கள்.

காவலாளியிடம் போய் இன்னொரு சாவி வாங்கி வந்தேன்.