பூஜை அலமாரியில் லிஸ்பன் சேவல்

அபுதாபி
18.11.2006

அன்புள்ள முகிலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மஹதியும் சௌக்கியம், போன வாரம் மக்கர் செய்த ஏ.சி.யும் இப்போது சௌக்கியம், நீ அங்கே காதுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து வக்கீல் மாதிரி வாதாடுவாய் என்றுதான் எழுதுகிறேன். இனேஷைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதமா இல்லையா என்று குடைந்துகொண்டே இருக்கிறாய். அவளைப் பெற்றவர்களைப் பார்த்த பிறகுதான் சொல்வேன் என்றேன், பார்த்துவிட்டேன். கோவாவுக்குப் போகிற வழியில் நம் வீட்டில் தங்கிவிட்டு நேற்றுதான் கிளம்பினார்கள். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, வரிசையாகப் படி.

என் கோபம் உனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் நம் பக்கத்து ஜனங்களைப் பற்றி என்னென்ன எழுதினார்கள் என்று ஆராய்ச்சி பண்ணத்தானே லிஸ்பன் போனாய். பெண்கள் குள்ளம், அழகில்லை, ஜனங்களைப் பார்த்தால் பேராசைக்காரர்கள், விவரம் போதாது என்று ஒருவன் எழுதியிருக்கிறான் என நீயே சிரித்துச் சிரித்துச் சொன்னாய். கோவிலைச் சர்ச் என்று நினைத்து, அம்மனை மாதா என்று கும்பிட்டுவிட்டுப் போனவன், நமக்கு விவரம் போதாது என்கிறான்! அவன் வம்சத்தில் போய்ப் பெண் எடுப்பதா என்று நான் கேட்டதில் என்ன தப்பு? ஐந்நூறு வருஷம் ஆகிவிட்டதே அம்மா என்றாய். ஆனால் என்ன, உன் பெரிய அத்தை என் கல்யாணத்தில் என் மூக்கைப் பற்றிச் சொன்னதும்தான் வருஷக்கணக்காகிறது, நான் மறந்தேனா?

சரி, அவர்கள் எழுதினால் நமக்கென்ன கை இல்லையா என்று நானும் கவனித்தேன். இந்த ஜனங்கள் சாதுவானவர்கள். காபியை மருந்து மாதிரி ஒரே மடக்காகக் குடிக்கிறார்கள். தோசையைக் கத்தியால் அறுக்கிறார்கள். அபுதாபி வெயிலில், நாமெல்லாம் நிழலைத் தேடி ஓடுகிற வெயிலில், பால்கனியில் போய் வேண்டுமென்றே உட்காருகிறார்கள். வந்ததும் அந்தம்மா கிராசா எல்லோருக்கும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார், அப்பாவுக்கும் கொடுத்துவிட்டார், மனுஷர் இரண்டு நாள் சவரமே பண்ணவில்லை. இனேஷின் அப்பா பெயர் துவார்த்தே, என் வாயில் நுழையவில்லை, துவாரகா என்று நானே பெயர் வைத்துவிட்டேன், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

கொண்டுவந்த பரிசு ஒரு பீங்கான் சேவல், கறுப்பு உடம்பு, சிவப்புக் கொண்டை, மேலெல்லாம் பூ. இவ்வளவு பத்திரமாகத் துணி சுற்றி எடுத்து வந்திருக்கிறார்களே, குலதெய்வம் போலிருக்கிறது என்று நான் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டு விளக்கேற்றிவிட்டேன். அதைப் பார்த்த அந்தம்மா, நாம்தான் சேவலைக் கும்பிடுகிற ஜனம் என்று நினைத்து, மரியாதைக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் போட்டுக்கொண்டதைப் பார்த்து, ஆகா தெய்வமேதான் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஸ்கூல் விட்டு வந்த மஹதிதான் இங்கிலீஷில் விசாரித்துவிட்டு, அய்யோ அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ சுவனீர், ஏர்போர்ட் கடையில் விற்கிற பொம்மை என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அப்பா லீவு போட்டு அந்தம்மாவைக் கார்னிஷில் கடல் பார்க்கக் கூட்டிப்போனார், மஹதி ஸ்கூலுக்குப் போய்விட்டாள், வீட்டில் நானும் துவாரகாவும்தான். நம் பாத்ரூம் பூட்டு தானாக விழுந்துகொள்ளும் என்று உனக்குத் தெரியும், அவருக்கு யார் சொன்னது? உள்ளேயிருந்து கதவை இடித்துக்கொண்டு ஷாவ், ஷாவ் என்று கத்துகிறார். எனக்குச் சாவு, சாவு என்று கேட்கிறது. முருகா, நெஞ்சு வலியோ என்னவோ, கல்யாணப் பேச்சு எடுத்த நேரத்திலா இப்படி என்று ஓடிப்போய் அந்தச் சேவலிடமே வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்புறம் ஜனேலா, ஜனேலா என்றார். ஜன்னலா? அந்த பாத்ரூமில் ஏது ஜன்னல் என்று யோசிக்கும்போதுதான் பொறி தட்டியது. ஜனேலா ஜன்னல் என்றால் ஷாவ் சாவு இல்லை, சாவி! ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் திறந்தேன். வேர்த்து விறுவிறுத்து வந்தவர், நான் நீட்டிய துண்டை வாங்கிக்கொண்டு துவால்யா என்றார். துவாலையேதான்டா! அதற்கப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை, நான் மேசையைத் தட்டினால் அவர் மேசா என்கிறார், அலமாரி என்றால் அர்மாரியு என்கிறார். கடல் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்தபோது நாங்கள் கிச்சனில் ஆளுக்கொரு பக்கம் அன்னாசிப்பழத்தைப் பிடித்துக்கொண்டு நான் அன்னாசி, அவர் அனனாஷ் என்று ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் அவர்கள் கப்பலில் நமக்கு வந்த வார்த்தைகள் என்கிறார் அப்பா. நான் ஒத்துக்கொள்ளவில்லை, குள்ளம் என்று எழுதினவன்தான் போகிறபோது நம் அலமாரியையும் தூக்கிக்கொண்டு போயிருப்பான். உண்மையைச் சொல்கிறேன் கண்ணா, குள்ளக் கதையெல்லாம் ஒரு சாக்கு. நாளைக்கு உனக்கொரு குழந்தை பிறந்தால் அது என் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னோடு பேச ஒரு வார்த்தை இல்லாமல் முழிக்குமே என்றுதான் எனக்குப் பயம், அதை நினைத்து அழுதுகூட இருக்கிறேன். இப்போது பரவாயில்லை. சாவி, ஜன்னல், மேசை வரைக்குமாவது பேசிக்கொள்வோம், மற்றதை நான் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, ரொட்டியைத் தின்றே காலத்தை ஓட்டாதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. சேவல் அலமாரியிலேயேதான் இருக்கிறது, குங்குமம் வைத்தாயிற்று, இனி எந்த முகத்தோடு இறக்குவது?

இப்படிக்கு,
உன் அம்மா
சுசீலா

பி.கு.: கிளம்பும்போது அந்தம்மாவை என் பக்கத்தில் நிற்க வைத்து, யார் உயரம் என்று மஹதியைப் பார்க்கச் சொன்னேன். சம்பந்தியம்மா என் தோளுக்குத்தான் வருகிறார். யார் குள்ளம் என்று உன் ஆராய்ச்சியில் தெளிவாக எழுது. ஆமாம், சம்பந்தியம்மா என்றுதான் எழுதியிருக்கிறேன்.