நண்டு மார்க் சுத்தியல்

அண்ணா,

முதலில் மானங்கெட்ட சேதியைச் சொல்லிவிடுகிறேன். நண்டு மார்க் சுத்தியல் ஒன்று வாங்கிவிட்டேன். அதுவும் செல்போனில். அந்தக் கம்பெனியை நான் திட்டாத திட்டா? ஆனாலும் படத்தில் பழைய நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றதும் விரல் தானாக அமுக்கிவிட்டது. காலையில் பெட்டியைப் பிரித்தால் ஒரே பெயிண்ட் நாற்றம். அப்போதெல்லாம் எண்ணெய்த்தாள் வாசனையல்லவா வரும்? அந்த எண்ணெய்க் கையோடுதான் மத்தியானம் என் தூக்குப்போசியில் வடகம் திருடுவீர்கள்.

டவுன்ஹால் பக்கம் நாம் வேலை பார்த்த கடைக்கு என்ன வாழ்வு! கீழே சேலை, மேல்மாடியில் என் எவர்சில்வர், எதிரே உங்கள் இரும்புச் சாமான். பொள்ளாச்சி பஸ்ஸில் வருகிறவர்கள் கல்யாணச் சேலையோடு தோப்பு மோட்டாருக்கு ஸ்பேனரும் எடுத்துப் போவார்கள். எதை விற்றாலும் மேசையோர இரும்புக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டித்தான் கொடுப்பீர்கள். கணீரென்று கேட்டால்தான் வந்தவர் பையை நீட்டுவார்.

"பூசாரியாட்டமே மணியடிக்கறீங்களேண்ணா?"

"நீ சுண்டலுக்கு நிக்கறவளாட்டமே பேசறே. போ அம்மணி."

பிறகு அந்த நண்டு மார்க் கம்பெனி கைமாறியது. வாங்கினவன் பெயரையும் நண்டையும் வாங்கினான், இரும்பை வாங்க மறந்துவிட்டான். புதுச் சரக்கு வந்த அன்று ஒரு ஸ்பேனரைத் தட்டினீர்கள். டொக். இன்னொன்று. டொக். அதோடு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். மதுக்கரை லாரி மெக்கானிக் ஒருவர் பையை நீட்டாமல் நின்றார்.

"ஏனுங்கண்ணா, தட்டலீங்களா?"

நீங்கள் மின்விசிறியைப் பார்த்தீர்கள். அவர் ஸ்பேனரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே.

முதலாளி மகன் மேலே ஏறி வந்தார். செண்ட் அடித்தால் வியாபாரம் தெரிந்துவிடும் என்று நினைக்கிற ஆள்.

"ஒரு தட்டுத் தட்டி வித்துப்போடுங்க. சத்தத்தையெல்லாம் இப்ப ஆருங்க கேக்கறாங்க?"

"தட்டுனா அது பேசிப்போடுமுங்க தம்பி."

"உங்களுக்கு இந்த இடம் வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

உங்கள் மகளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை கூடிவந்திருந்தது. தட்டித் தொலையுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். நீங்கள் கையை எடுக்கவே இல்லை. மறுநாள் உங்களைக் கீழே பிளாஸ்டிக் பூ விற்க அனுப்பினார்கள். அங்கேயாவது வாயை மூடினீர்களா? "நல்லா இருக்குமுங்களா?" என்று கேட்ட அம்மாவிடம், "தூசி அடையுமுங்க" என்றீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கடைக்கு வந்து உங்களைப் பூவுக்கு நடுவே பார்த்துவிட்டு மெல்ல நழுவினார்கள். அந்த மாப்பிள்ளையும் டொக்குத்தான் என்று நான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றைக்கு வடகமும் எடுக்கவில்லை.

கடையாவது பிழைத்ததா? முதலில் தள்ளுபடிப் பலகை, அப்புறம் பாதி விளக்கு, கடைசியில் பூட்டு. இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். எதைக் கேட்டாலும் "ரேட்டிங் நல்லா இருக்குதுங்க மேடம்" என்கிறார்கள். முகம் தெரியாத எவனோ போட்ட நட்சத்திரம்தான் இவர்களுக்குக் கணீர். தூ.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தத் தட்டு ஒன்றுதான். தேங்காய், டம்ளர், கதவு, எதையும் தட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. மருமகன் வாங்கிவந்த புதுக் காரையும் தட்டினேன். இரண்டு நாளாக அவர் என்னிடம் பேசுவதில்லை.

சுத்தியலையும் அம்மிக்கல்லில் தட்டித்தான் பார்த்தேன். டொக். தெரிந்தும், கடை ஆட்கள் எல்லோரும் எடுத்துக்கொண்ட படத்தை மாட்ட சமையற்கட்டுச் சுவரில் ஆணி அடித்தேன். அதில் ஓரமாக நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறீர்கள். இரண்டாவது அடியில் என் கையில் பிடி மட்டும் இருந்தது. தலை பறந்துபோய் இட்லி மாவு வைத்திருந்த எவர்சில்வர் போசியின் விளிம்பில் பட்டு உள்ளே விழுந்தது. கணீரென்று கேட்டது. போசி நம் கடையில் வாங்கியது.

இன்றைக்கு எங்கள் வீட்டில் உப்புமா.