முதலாம் குகையில் கேட்ட கேள்வி

பாளையங்கோட்டை
3-2-1984

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் கமலாவும் சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். அண்ணன் ஜங்ஷனுக்கே வந்திருந்தான். மதினிக்கு மாதம் நெருங்கிவிட்டது, உதவிக்குப் போகிறேன் என்று காலனியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கேட்பவர்களிடம் நீங்களும் அப்படியே சொல்லிக்கொள்ளலாம். அதில் உங்களுக்குக் கூச்சம் இருக்காது.

அஜந்தாவிலிருந்து திரும்பிய நாள் முதல் நீங்கள் ஏதாவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். மோர்க்குழம்பில் உப்பு கம்மி என்றீர்கள். வேறு பேச்சில்லை. அதனால்தான் பெட்டியைக் கட்டினேன்.

எனக்கு அந்தச் சித்திரங்களைப் பார்க்கவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசை. டில்லி அதிகாரியைத் தொழிற்சாலைக் காரில் அழைத்துப் போகும் வேலை உங்களுக்கு வந்தது. "ஆபீஸ் கார்ல குடும்பத்த ஏத்துனா நல்லா இருக்காது. நீ கமலாவக் கூட்டிக்கிட்டு பக்கத்து வீட்டு லூர்துமேரியோட ரயில்ல வா. அங்க எங்களப் பாத்தாலும் தெரியாத மாதிரி இருந்துக்க" என்றீர்கள். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அதுவரைக்கும் குற்றம் சொல்லமாட்டேன், உத்தியோகம் அப்படி.

ஆனால் முதலாம் குகையில் நடந்தது வேறு. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே போனால் கர்ப்பகிருகம், அதில் அத்தனை பெரிய புத்தர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு விளக்கில்லை, ஒரு பூவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு வில்லைச் சூடத்தை எடுத்துக் கொளுத்திவிட்டேன். சித்திரத்துக்குப் புகை ஆகாது என்று எனக்குத் தெரியாது. காவலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தார், நான் கையாலேயே அணைத்தேன், விரல் வெந்துபோயிற்று. தப்புதான் என்று அவரிடம் கும்பிட்டுச் சொன்னேன். அவரும் தணிந்துபோய்க் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அவர் கத்தியபோது நீங்கள் ஐந்தடி தள்ளி நின்றீர்கள். டில்லிக்காரர் உங்களிடம் இங்கிலீஷில் கேட்டார்: உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் மாதிரி இருக்கிறதே, தெரிந்தவரா என்று. நீங்கள் "நோ சார்" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? இதெல்லாம் படிக்காத பட்டிக்காட்டு ஜனம், டிரான்ஸ்பார்மரைக் கண்டாலும் சூடம் காட்டும் என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அத்தான், நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் வகுப்பு. அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியும். கமலாவுக்கு என்னைவிட நன்றாகவே புரிந்தது. திரும்பும் ரயிலில் என் காதில் தெலுங்கில், "நான்ன எந்துக்கு அலா அன்னாரு?" என்று கேட்டாள். அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று தமிழிலும் கேட்டுவிட்டாள்.

அவளுக்குப் பதிலை நீங்கள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி

*

ஹைதராபாத்
11-2-1984

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு நலம். காஸ் சிலிண்டர் வந்துவிட்டது. பால்காரனை ஒரு பாக்கெட் போதும் என்று சொல்லிவிட்டேன்.

நீ விஷயத்தின் தீவிரத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அந்தச் சித்திரங்கள் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தியவை. உலகம் முழுவதிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள். அங்கே நெருப்பு வைப்பது சாதாரணக் காரியமா? காவலாளி நல்லவராக இருந்ததால் போயிற்று. போலீஸுக்குப் போயிருந்தால் என் நிலைமை என்ன? உன் பையில் சூடம் எதற்கு என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

வந்திருந்தவர் சாமானியரில்லை. புதிய பிரிவுக்கு மேனேஜர் யார் என்று முடிவு செய்யும் கமிட்டியில் இருக்கிறார். இந்தச் சமயத்தில் ஒரு மனுஷன் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நமக்காகத்தானே இவ்வளவும்.

கமலாவின் பள்ளிக்கூடம் போகிறது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி பரீட்சை. பிடிவாதத்தை விட்டுவிட்டுக் கிளம்பி வரும் வழியைப் பார்.

அன்புடன்,
சிவஞானம்

*

பாளையங்கோட்டை
18-2-1984

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். புகையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், போலீஸைப் பற்றி, பால் பாக்கெட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

சூடம் ஏற்றியது தப்பு. அதைக் காவலாளியிடமே சொல்லித் தீர்த்தாயிற்று. அவர் என் கையைப் பார்த்து, "ஜல் கயா க்யா, அம்மா?", வெந்துவிட்டதா என்று கேட்டார். முன்பின் தெரியாத மனுஷன் அவர். நீங்கள் இன்றுவரை அந்த விரல் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஆறிவிட்டது.

நமக்காகத்தான் என்கிறீர்களே, அந்த 'நாம்' யார்? அன்றைக்கு அந்தக் குகையில் நானும் என் பெண்ணும் ஒரு பக்கம், நீங்களும் டில்லிக்காரரும் ஒரு பக்கம். நான் உங்களைக் காப்பாற்றச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம், "அறிவு கெட்டவளே" என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கலாம். கோபப்பட்டாலும் பொறுத்திருப்பேன், பெண்டாட்டியைத்தானே திட்டுகிறார் என்று இருந்திருப்பேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அஜந்தா எப்படி இருந்தது என்று மதினி தினமும் கேட்கிறாள். "எவ்வளவு தூரம் போய்ப் பாத்துட்டு வந்திருக்கிய, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியளே" என்கிறாள். நான் பார்த்தது உங்கள் முதுகு ஒன்றுதான். அதை எப்படி அவளிடம் சொல்வது?

கமலாவின் பாடத்தை நானே சொல்லிக் கொடுக்கிறேன். படிக்காத ஜனம் என்றாலும் ஐந்தாம் வகுப்புக் கணக்கு வரும்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி

*

ஹைதராபாத்
2-3-1984

அன்புள்ள மங்கைக்கு,

விரலைப் பற்றிக் கேட்காதது தவறுதான். ஆறியது குறித்து சந்தோஷம்.

நடந்ததை மறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது ஒரு அவசரம். அந்த அதிகாரி மனைவியோடு மறுபடியும் ஹைதராபாத் வருகிறார். மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டில் சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரே வாய்விட்டு, "தமிழ்ச் சாப்பாடு சாப்பிடவேண்டும், உங்கள் மனைவியைப் பார்க்கவேண்டும்" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டலில் வாங்கிவைத்துச் சமாளிக்க முடியாது.

நீ பத்தாம் தேதிக்குள் வந்துவிடு. அந்த இருட்டில் உன் முகம் அவருக்கு நினைவிருக்காது. அன்றைக்கு நூல் புடவை கட்டியிருந்தாய், தலையில் முக்காடு வேறு. மயில்கழுத்துப் பட்டு கட்டிக்கொண்டால் அடையாளமே தெரியாது. கமலாவை மட்டும் அன்று லூர்துமேரி வீட்டில் விட்டுவிடலாம். குழந்தை ஏதாவது உளறிவிடும்.

இது ஒன்று நல்லபடியாக முடிந்துவிட்டால் நம் கஷ்டமெல்லாம் தீர்ந்தது.

அன்புடன்,
சிவஞானம்

*

பாளையங்கோட்டை
8-3-1984

அத்தானுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும்.

குகையில் என்னை மறைத்தது போதாதென்று என் வீட்டிலேயே பட்டுப் புடவையால் மறைக்கப் பார்க்கிறீர்கள். அதற்கு மேல் என் பெண்ணை வேறு வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைக்கவேண்டுமாம். அவள் என்ன உளறிவிடுவாள், அத்தான்? "இவங்க எங்க அம்மா" என்பாள். அது உளறலா?

யோசித்து எழுதினீர்களா, தூக்கக் கலக்கத்தில் எழுதினீர்களா என்றுகூட நினைத்துப் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, புடவையின் நிறம் முதற்கொண்டு யோசித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

நான் வரமாட்டேன். விருந்தாளியை வெறும் வயிறோடு அனுப்பும் பாவம் எனக்கு வேண்டாம். சாம்பார்ப் பொடி அடுப்பு மேடைக்கு மேலே பித்தளை டப்பாவில் இருக்கிறது. துவரம்பருப்பை மூன்று விசில் விடுங்கள்.

மங்கையர்க்கரசி

*

ஹைதராபாத்
20-3-1984

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடைசிக் கடிதத்தை நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆபீசில் ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். சாதம் குழைந்துபோயிற்று, சாம்பார் வந்தது. வந்ததும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "மிசஸ் சிவஞானம் எங்கே?" என்பது. பிரசவத்துக்கு உதவியாக ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. அஜந்தாவில் சூடம் ஏற்றியது என் மனைவிதான், நான் தெரியாது என்று சொன்னேன், அதனால் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். இலையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு, "எனக்கு அன்றே தெரியும், சிவஞானம்" என்றார். "அந்தக் குழந்தைக்கு அப்படியே உங்கள் ஜாடை. அவள் கண் உங்களை விட்டு நகரவில்லை. நான் கேட்டதே, நீங்கள் அவர்களிடம் போகட்டும் என்றுதான். நீங்கள் அப்படிச் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை."

அந்த அம்மாள் அதன் பிறகு மோர் வேண்டாம் என்றுவிட்டாள்.

பதவி என்ன ஆகும் என்று தெரியாது. அதைப் பற்றி உனக்கு எழுதவும் வெட்கமாக இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் லீவு கேட்டிருக்கிறேன். பாளையங்கோட்டைக்கு வருகிறேன். உன் அண்ணன், மதினி, எல்லார் முன்னாலும் நான் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். கமலாவிடமும். அதற்குப் பிறகு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

உன்,
சிவஞானம்

*

ஔரங்காபாத்
29-3-1984

அத்தானுக்கு,

ஊரின் பெயரைப் பார்த்துத் திகைக்கவேண்டாம். நீங்கள் பாளையங்கோட்டைக்குப் போகவேண்டாம், நாங்கள் அங்கே இல்லை. மதினிக்குப் பெண் குழந்தை பிறந்து தாயும் சேயும் நலம். உங்கள் கடிதம் வந்த மறுநாளே நானும் கமலாவும் கிளம்பிவிட்டோம். செவ்வாய்க்கிழமை செகந்திராபாத்தில் இறங்கி, வீட்டுக்கு வராமல் அங்கேயே மன்மாடு வண்டிக்கு மாறினோம். லூர்துமேரி ஸ்டேஷனில் வந்து சேர்ந்துகொண்டார். போன தடவை போலவே அவருடைய நாத்தனார் வீட்டில் தங்கியிருக்கிறோம்.

உங்கள் கடிதம் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. இன்னும் கோபமாகத்தான் வந்தது. அந்தக் குகையில் நான் யாரென்று டில்லிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. கமலாவுக்குத் தெரியும், லூர்துமேரிக்குத் தெரியும். தெரியாதென்று சொன்னது என் கழுத்தில் தாலி கட்டியவர் ஒருவர்தான். இதை நீங்கள் அண்ணன் முன்னால் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? அவர்களுக்கு ஒரு நாள் பேச்சுக் கிடைக்கும்.

நேற்று முதலாம் குகைக்குப் போனோம். அவசரமில்லாமல் பார்த்தோம். கையில் தாமரை வைத்துக்கொண்டு கண்ணைத் தாழ்த்தி நிற்கும் ஒருவர் இருக்கிறார், அவர் முன்னால் நெடுநேரம் நின்றேன். புகை பட்டால் இந்த முகம் போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் காவலாளி அன்றைக்குக் கத்தியது நியாயம்.

அவரே நேற்றும் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார், "ஆஜ் கபூர் நஹீன் ஹை நா?" என்று சிரித்தார். சூடம் இல்லை என்று பையைத் திறந்து காட்டினேன். பிறகு இந்தியில், உங்கள் வீட்டுக்காரர் வரவில்லையா, அவர் யார் என்று கேட்டார். கமலா என் முகத்தைப் பார்த்தாள். ரேஷன் கடையில் உங்கள் பெயரைக் கேட்டால்கூட அவளைத்தான் சொல்லவிடுவேன், உங்களுக்குத் தெரியும். நேற்று நானே சொன்னேன். என் வீட்டுக்காரர் பெயர் சிவஞானம், ஹைதராபாத்தில் என்ஜினியர், அன்றைக்கு அதோ அந்தத் தூணருகில் நின்றவர்தான் என்று சொன்னேன். கல்யாணமாகி உங்கள் பெயரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. குகைக்குள் சத்தமாகவே கேட்டது.

எல்லோராவையும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை செகந்திராபாத் வருகிறோம். கமலாவுக்குப் பரீட்சை இருக்கிறது. ஸ்டேஷனுக்கு வருவதானால் வாருங்கள். வராவிட்டாலும் என் வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும்.

மங்கையர்க்கரசி சிவஞானம்