டிஸ்க்கைக் குளிப்பாட்டிய வாரம்

13 செப்டம்பர் 1982, திங்கள்

ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை. அதற்குத் தனி அறை, தனி மின்விசிறி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குக்கூட மின்விசிறி கிடையாது. அவளுக்கு வியர்த்தால் வியர்க்கட்டும்.

பலாங்கொடையில் டைப்ரைட்டிங் படித்துவிட்டு வந்த குமரி நான் ஒருத்திதான் என்பதால், மூன்று மாதம் 'பார்க்கலாம்' என்று என்னை அதன் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். வேலை இதுதான்: ஊசிமலைத் தோட்டத்தின் இருபத்திரண்டு லய வீட்டு வரிசையிலும் இருக்கிற எல்லாருடைய பெயர், பிறந்த தேதி. நவம்பர் ஐந்தாம் தேதி அந்தப் பட்டியல் இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரிக்குப் போக வேண்டும். மிஷின் இங்கிலீஷ் எழுத்தில் எட்டுக்கு மேல் வாங்காது. இன்று ஆபீஸ் பியூன் முத்துவீரன் மாமாவின் முறை. பெயர் 'முத்துவீ'யோடு நின்றுவிட்டது.

"மாமா, ஒங்க வீரத்துல பாதியத்தான் இது ஏத்துக்கிது."

"மலையில கத்தி கால வெட்டுச்சு. இங்க இது பேர வெட்டுது. வெட்டட்டும் புள்ள."

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நரம்பில் பட்டதிலிருந்து அவருக்கு இடது கால் மடங்காது. அதனால்தான் மலையை விட்டு ஆபீஸுக்கு வந்தார். காலை இழுத்து இழுத்து அவர் டீ கொண்டு வரும்போது பாதி டீ சாஸரில் இருக்கும். பெரிய கிளாக்கர் காளிதாஸ் ஐயா சாஸரைத்தான் முதலில் குடிப்பார்.

14 செப்டம்பர்

கங்காணியின் நாயை ஒன்பதாம் லயத்தில் ஆளாகப் பதிந்துவிட்டேன். பிறந்த தேதியும் கொடுத்தேன். பிறகு பயந்து அழித்தேன். அழிக்கும்போது பாவமாக இருந்தது.

8 அக்டோபர், வெள்ளி

பட்டியல் முடிந்தது! கொழும்பிலிருந்து மிஷின் கம்பெனிக்காரர் நிலாம் நானா வந்து பார்த்துவிட்டுப் போனார். பென்சில் மாதிரி ஒல்லி. காதிலும் ஒரு பென்சில். எது எதுவென்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மிஷினைத் திறக்கிற விஷயமும் என் பட்டியலும் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க் என்றால் கறுப்புச் சட்டை போட்ட மெல்லிய தகடு. சட்டையில் நீளமாக ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். அந்த ஜன்னல் வழியாகத்தான் மிஷினுக்குள் இருக்கிற ஊசி தகட்டைத் தடவித் தடவிப் படிக்கும். நானா அதை அச்சு அசலாக இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுக்கக் கற்றுக் கொடுத்தார். இப்போது இரட்டைப் பிள்ளைகள்: மூத்தவள், இளையவள்.

"ஒன்னு கெட்டாலும் மத்தது ஈக்கும். ரெண்டையும் ஒரே எடத்துல வெக்க வாணாம், ஆ?" என்றார் நானா.

அவர் ஜீப்பில் ஏறினதும் காளிதாஸ் ஐயா இரண்டையும் ஒரே மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "களவு போயிரக் கூடாதில்ல."

இனி மிஷின் இருக்கிறதே என்று தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை பழைய பதிவுப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். கறையான் குடும்பத்தோடு போகிறது.

26 அக்டோபர், செவ்வாய் — சரஸ்வதி பூசை

ஆபீஸ் முழுக்கச் சந்தனம். டைப்ரைட்டர், தராசு, டெலிபோன், கதவு, சைக்கிள், தொரையின் தொப்பி மாட்டுகிற ஆணி வரைக்கும் முத்துவீரன் மாமா பொட்டு வைத்தார். ஆயுத பூசை என்றால் ஒன்றையும் விடக் கூடாது. விடுபட்டது வருஷம் முழுக்கக் கோபித்துக்கொண்டு வேலை செய்யாது. மிஷினுக்கு மூன்று பொட்டு. பிறகு அவர் பூசணிக்காய் உடைக்க வெளியே போனார். ஐயாவும் பின்னாலேயே போனார். இன்றைக்கென்று லாச்சி திறந்தே இருந்தது.

உள்ளே இரட்டைப் பிள்ளைகள் வெறும் நெற்றியோடு படுத்திருந்தார்கள்.

மூத்தவளுக்கு வைத்தேன். ஒருத்திக்கு வைத்துவிட்டு மற்றவளை விட்டால் அவள் முகத்தைத் தூக்கிக்கொள்ள மாட்டாளா? இளையவளுக்கும் வைத்தேன். நெற்றி மாதிரி இருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். மூத்தவளுக்கு ஓரமாக, இளையவளுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி. குங்குமமும் வைத்தேன். நல்ல லட்சணம்.

27 அக்டோபர், புதன்

ஐயோ.

காலையில் மூத்தவளைப் போட்டால் மிஷின் 'கர்ர்ர்' என்றது. மழைக்காலத்துத் தவளை. பச்சை எழுத்தில் ஒரு வரி: 'பேட் செக்டர்'. தகட்டில் அந்த இடம் கெட்டுப்போச்சாம். எடுத்துவிட்டு இளையவளைப் போட்டோம். கர்ர்ர். ஐயா பதறிப்போய் இருந்த டிஸ்க் ஆறையும் ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். ஆறுக்கும் தவளை. ஆறிலும் சந்தனம் தேய்ந்த வட்டம்.

ஐயாவுக்கு அப்போதுதான் மணத்தது. "என்னாப்பா இது, ஊசிக்கெல்லாம் சந்தனமா இருக்கு?"

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. அதற்குள் முத்துவீரன் மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்: "நாந்தாங்க வச்சிருப்பேன். எல்லாத்துக்கும் வச்சேன்ல."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

28 அக்டோபர், வியாழன்

பெரிய தொரை வந்தார். "கவுத மேகட அத்த திப்பே?" — யார் இதில் கை வைத்தது என்று ஒரே கேள்வி. முத்துவீரன் மாமா, "மம மஹத்தயா" என்று முன்னால் போய் நின்றார். நான்தான் ஐயா என்று. உண்மையாகவே அவருக்கு அப்படித்தான் ஞாபகம். வைக்காத பொட்டை வைத்ததாக!

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் மலைக்கு. புல் வெட்ட. மடங்காத காலோடு, அந்தச் சரிவில். ஒரு வாரம் தாங்க மாட்டார் என்று தொரைக்கும் தெரியும்.

நான் ஏன் பேசவில்லை? வேலை போய்விடும் என்றா? அம்மா விறகுக்கட்டையால் அடிப்பாள் என்றா? ரெண்டுந்தான். ஊரையெல்லாம் கேலி பண்ணுற வாய், ஒரு 'நான்'னு சொல்ல ஏன்டி வரல?

29 அக்டோபர், வெள்ளி

கொழும்புக்கு ட்ரங்க் கால். காளிதாஸ் ஐயா டெலிபோனில் பேசினால் எழுந்து நின்றுதான் பேசுவார். அதுவும் கொழும்புக்கு நேராகவே கேட்கிற சத்தத்தில். நிலாம் நானா சொல்லுகிற ஒவ்வொன்றையும் அவர் திருப்பிக் கத்த, நான் எழுதிக்கொண்டேன்.

"என்னாது... குளிப்பாட்டணுமா?... டிஸ்க்கையா?... சட்டையக் கழட்டிட்டா?... சோப்புப் போட்டா?"

வெளியே கடிதம் வாங்க வந்திருந்த தங்கம்மாக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "யாரு புள்ள வயசுக்கு வந்துட்டா?"

கடைசியில் ஐயா ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார்.

"தங்கச்சி, கேளுங்க. அழுக்கு ஊசியில இனி ஒன்னையும் போட வாணாம். போட்டா அதும் மௌத்து. மொதல்ல ஊசிய ஸ்பிரிட்டால தொடைங்க. பொறகு தகட்டக் கழுவி நெழல்ல காய வைங்க, வெயில்ல வாணாம். புது டிஸ்க் ஒன்ன வெட்டி அந்தச் சட்டைக்குள்ள போடுங்க. தொறந்துச்சுன்னா ஒடனே பிரதி எடுங்க. ரெண்டாந்தரம் தொறக்கும்னு நம்ப வாணாம்." பிறகு, "சந்தனம்னா... அந்த நெத்தில வெக்கிற சந்தனமா?" என்றார்.

ஆமாம் நானா. அதேதான்.

30 அக்டோபர், சனி

டிஸ்பென்சரியில் ஸ்பிரிட். தொரையின் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி (கேட்காமல்). வெந்நீர். பிள்ளைச் சவர்க்காரம். பிரிக்காத புது டிஸ்க் பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. பிரித்தால் பழசாகிவிடும் என்று ஐயா தொட விடாமல் காத்த பெட்டி. அந்தக் கஞ்சத்தனம் வாழ்க.

சவர அலகால் சட்டையைக் கிழித்தேன். தகடு பழுப்பு நிறத்தில், அப்பளம் மாதிரி. நடு வளையத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எனாமல் பேசினில் மெதுவாக ஆட்டினேன். சந்தனம் கரைந்து தண்ணீர் கோயில் தீர்த்தம் ஆனது. முத்துவீரன் மாமா பக்கத்தில் துண்டோடு நின்றார், பிரசவம் பார்க்கிற வீட்டில் நிற்கிற மாதிரி.

"கொழுந்து வாட்டுற மாடியில காயப் போடவா புள்ள? காத்து நல்லா வரும்."

"போடுங்க மாமா. அப்புறம் அரைச்சு ஏலத்துக்கு அனுப்பிரலாம்."

அவர் சிரித்தார். பிறகு, "என்னா கண்ணுடா எனக்கு. அது கருவின்னு பாத்தேனே ஒழிய ஓட்டைன்னு பாக்கலியே" என்று தன்னையே திட்டிக்கொண்டார். நான் பேசினுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

31 அக்டோபர், ஞாயிறு

ஊசி துடைத்தாயிற்று. பஞ்சு ஏழு தடவை மஞ்சளாக வந்தது, எட்டாவது தடவை வெள்ளை.

மூத்தவளைப் போட்டேன். கர்ர்ர். மிஷின் திறக்கிற விஷயம் தகட்டின் ஓரத்தில்தான் இருக்கிறதாம். அவளுக்கு நான் பொட்டு வைத்ததும் அந்த ஓரத்தில். அதைத்தான் ஊசி சுரண்டித் தள்ளியிருக்கிறது. இளையவளைப் போட்டேன். ஒரு இருமல், ஒரு விக்கல்... பச்சை எழுத்து! ஐயா என் தலையில் கை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார்.

பொட்டு வைத்த இடம்தான் மிச்சத்தையும் தீர்மானித்தது. இளையவளுக்கு ஓரம் நன்றாக இருந்தது, உள்பக்கம் கெட்டிருந்தது. மூத்தவளுக்கு நேர் எதிர். நான் பட்டியலை லயம் லயமாகப் பிரித்து அடித்திருந்ததால், இளையவளிடமிருந்து பதின்மூன்று லயம், மூத்தவளிடமிருந்து எட்டு லயம் என்று புது டிஸ்க்குக்கு இறக்கினேன். இரண்டு பேரிடமும் இல்லாதது பதினாலாம் லயம் மட்டும். எத்தனை தடவை கேட்டாலும் 'பேட் செக்டர்'.

பதினாலு முத்துவீரன் மாமாவின் லயம்.

"எழுது புள்ள" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் காம்பரா வீட்டிலிருந்து கடைசிக் காம்பரா வரைக்கும், ஒருவர் விடாமல். பேச்சியின் மகள் பிறந்தது மண்சரிவு வந்ததுக்கு மறுநாள். சன்னாசியின் மூத்தவன் பெரிய வேலைநிறுத்தத்தன்று, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள்ளேயே. தேதி தெரியாத இடத்தில் ஐயா கலண்டரும் டிஸ்பென்சரிப் புத்தகமும் பார்த்துச் சொன்னார். நாற்பத்தொன்பது பேர். பிறகு அதையும் சேர்த்து இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று லாச்சியில், மற்றது ஐயா வீட்டு மாடத்தில்.

இனி தொரை மனசு மாறுவார். மாறித்தானே ஆகணும்?

1 நவம்பர், திங்கள்

பௌர்ணமி, போயா லீவு. நாள் நகரவே இல்லை.

2 நவம்பர், செவ்வாய்

மாறவில்லை.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டில் தொரை எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். 'ஹொந்தாய், ஹொந்தாய்' என்று இரண்டு தடவை. பிறகு, முத்துவீரன் ஏழாம் நம்பர் மலைக்கு என்றார். கெடுத்தவன் கெடுத்தவன்தானாம். மாமா மண்வெட்டியை வாங்கினார். அதை ஊன்றிக்கொண்டுதான் நடந்தார். முதல் படியே அவரால் ஏற முடியவில்லை.

அப்போது வாய் தானாகத் திறந்தது. சிங்களத்தில் சொல்லிப் பிறகு தமிழிலும் சொன்னேன், ஒருத்தரும் கேட்காமல் போய்விடக் கூடாது என்று. நான் வைத்தேன். இரண்டுக்கும் நான்தான் வைத்தேன். மாமா அப்போது பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் சத்தம் போட்டது தொரை இல்லை, முத்துவீரன் மாமா.

"அடியே! ஆறு நாளா என்னைய நானே காறித் துப்பிக்கிட்டு இருக்கேன்டி! பக்கத்துல நின்னு தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தியே, ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லை மாமா.

தொரை மண்வெட்டியை அவரிடமிருந்து வாங்கிக் கங்காணியிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, நாளை முதல் கொழுந்துக் கூடை எடுத்துக்கொள் என்றார். அவ்வளவுதான். அம்மா அடிக்கவில்லை. "வா, கயித்த நெத்தியில எப்புடி மாட்டுறதுன்னு காட்டுறேன்" என்றாள். அது அடியை விட மோசம்.

5 நவம்பர், வெள்ளி

பட்டியல் கச்சேரிக்குப் போய்விட்டது. நான் பறித்தது ஆறு கிலோ. அட்டைகள் குடித்தது தனி. முத்துவீரன் மாமா இன்னும் என்னோடு பேசவில்லை.

19 நவம்பர், வெள்ளி

பதினொரு மணி இருக்கும். கீழே ஏழாம் நம்பர் ரோட்டில் யாரோ காலை இழுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. முத்துவீரன் மாமா. நான் கொழுந்து பறிக்கிற நிரைக்கு நேர் கீழே வந்து நின்று மூச்சு வாங்கினார். மேலே ஏறவில்லை, கையைத் தூக்கி ஒரு சிகரெட் அட்டையை ஆட்டினார். நான் கூடையோடு இறங்கினேன்.

அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் இங்கிலீஷ் எழுத்துகள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மிஷினில் தெரிந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படம் வரைகிற மாதிரி வரைந்து கொண்டுவந்திருந்தார். கடைசியில் ஒரு சின்னக் கோடு. அதன் பக்கத்தில் தமிழில்: 'இது துடிக்குது'.

"ஐயா ஒரு மணி நேரமா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. தொட பயம். புதுப் புள்ள ஒன்னு போட்டாங்க, அது நேத்தே ஓடிருச்சு." அவர் என் முகத்தைப் பார்க்காமல் தேயிலையைப் பார்த்துப் பேசினார். "தொரைக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் கேக்க மாட்டாருன்னு நெனைக்கிறேன். வாசிச்சுச் சொல்லு."

வாசித்தேன். மிஷினில் டிஸ்க் போடுகிற இரண்டு வாயில் இரண்டாவதில் டிஸ்க்கே போடாமல் அதைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பென்சிலை வாங்கி அட்டையில் வரிசையாக எழுதினேன்: எதை எடுக்க வேண்டும், எதைப் போட வேண்டும், எந்தச் சாவியை எத்தனை தடவை அழுத்த வேண்டும். சாவிகளைப் படமாகவே வரைந்து கொடுத்தேன்.

மேலேயிருந்து கங்காணி கத்தினார்: "அங்க என்னாடி பேச்சு?"

"மிஷினு கேள்வி கேட்டுருக்குங்க!"

மாமா அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார். பத்தடி போனதும் நின்றார்.

"தெறக்கலன்னா மத்தியானம் திரும்ப வருவேன். இந்த நிரையிலதான இருப்ப?"

"இங்கனதான் இருப்பேன் மாமா."

மத்தியானம் வரவில்லை. திறந்திருக்கும்.