சக்கரத்துப் பொட்டு

விஜயதசமி, வெள்ளி இரவு.

இன்று காலை வேனைச் சுற்றி நின்றவர்கள் நான், மகன் செல்வம், மருமகள் கமலா, மகளின் புருஷன் மனோகரன்.

நேற்று ஆயுத பூசை. குழாயில் தண்ணீர் குறைவு என்பதால் வேனின் சக்கரங்களை மட்டும் தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்துக் கழுவி, நாலுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இன்று செல்வம் கலேவெல சந்தைக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை சவர்க்கார நுரைத் தண்ணீரோடு வந்து அத்தனையையும் அழித்துவிட்டார்.

"செக்பொயின்ட்ல பார்த்தா தமிழ் வேன்னு தெரிஞ்சிரும் அத்தே."

"ஐடென்டிகார்ட்ல செல்வம்னுதானே போட்டிருக்கு. அதையும் கழுவுவீங்களா மாப்பிள்ளை?" என்றேன். கமலா சிரித்தாள். செல்வம் வேனை எடுத்தான்.

அலுவிகாரை தாண்டியதும் செக்பொயின்ட்டில் ஆமிக்காரர்கள் மறித்திருக்கிறார்கள். வேன் முழுக்கப் புழுதி, சக்கரம் மட்டும் பளபளப்பு. வடக்கே எந்த ஊர்ச் சேற்றைக் கழுவினாய் என்று ஒரு ஆமிக்காரன் கேட்டானாம். பூசைக்குக் கழுவியது என்று செல்வம் சொன்னதற்கு, பொட்டு எங்கே என்றானாம். நாலு சக்கரத்தையும் கழற்ற வைத்து, பொழுது சாய்ந்த பிறகுதான் விட்டார்கள். மகன் கன்னத்தில் விரல் பதிந்திருக்கிறது. அவன் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.

"அதான் வந்துட்டான்ல அத்தே," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

அடித்தவனுக்கு என் மகனைத் தெரியாது. பொட்டை அழித்தவருக்குத் தெரியும். நான் மன்னிக்காத ஆள் மனோகரன்.