எங்கள் வீட்டு முறை

ஜும்கால்,
28 டிசம்பர் 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரிசாத் எழுதுகிறேன். அம்மா, மேரிம், நான் மூவரும் சுகம். ஆடுகளும் சுகம். பசு மட்டும் என்னைக் கண்டால் முறைக்கிறது. கால்நடை மருத்துவம் படிக்கிறவள் ஊருக்கு வந்துவிட்டாளே, ஊசி கீசி போட்டுவிடுவாளோ என்ற பயமாக இருக்கும். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நோவோசிபிர்ஸ்க் குளிரில் காதும் மூக்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா?

பிஷ்கெக்கில் எங்கள் விடுதியின் வெந்நீர்க் குழாய் வெடித்து மாடிப்படி முழுக்கப் பனிக்கட்டி. நாங்கள் படியில் உட்கார்ந்தே சறுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனோம். வார்டன் அம்மாவும் ஒருநாள் அப்படித்தான் இறங்கினார், ஆனால் விருப்பப்பட்டு இல்லை. அதற்குப் பிறகு தேர்வுகளை அவசரமாக முடித்து, பிப்ரவரி நடுவரை விடுமுறை விட்டுவிட்டார்கள். உடற்கூறியலில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். நம் வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியாததால் நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

பகலில் மேரிமுடன் ஆற்றுப் பனியில் சறுக்கப் போகிறேன். மாலையில் ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை வைத்து ஆட்டம். உங்கள் சின்ன மகள் கூசாமல் ஏமாற்றுகிறாள். கேட்டால், "அக்கா, நீ நகரத்துக்குப் போயி கண்ணு மங்கிப்போச்சு" என்கிறாள். புத்தாண்டுக்குப் பாப்ளார் கிளை ஒன்றை வாளியில் நட்டு, மிட்டாய்த் தாளெல்லாம் தொங்கவிட்டிருக்கிறோம். மின்சாரம் வந்தால் டி.வி., வராவிட்டால் அம்மாவின் மௌனம்.

அப்பா, இனி விஷயத்துக்கு வருகிறேன். ஷெரினே தொடங்கிவிட்டது. வாரம் ஒரு வீடாக ஆடு அடித்து விருந்து வைத்து வருகிறார்கள். நம் முறை ஜனவரி கடைசியில். போன குளிர்காலத்தில் நீங்கள் வருவீர்கள் என்று சொல்லி நம் முறையைத் தள்ளி, கடைசியில் வைக்காமலே விட்டோம். இந்த வருஷமும் வைக்காவிட்டால் வட்டத்திலிருந்து நம் வீடு போய்விடும். பெரியப்பா கல்முராத் நேற்று வந்து அடுப்பருகே உட்கார்ந்துகொண்டு, "ஆம்பளை இல்லாத வீட்டுல என்னத்துக்கு ஷெரினே? ஆட்டை என் வீட்டுக்கு ஓட்டி விடுங்க. ரெண்டு வீட்டுக்கும் சேத்து நானே வச்சுக்கறேன்" என்றார். அம்மா அவருக்கு இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றினார். அவ்வளவுதான் பதில்.

இன்று ஆடு அவரிடம் போய்ச் சேரும், நாளை நம் புல்வெளியும் சேரும் என்று எனக்குத் தெரியாதா? வசந்தத்தில் டிராக்டர் யார் வீட்டுக்கு முதலில் வரும், வைக்கோல் தீர்ந்தால் யார் தருவார்கள், எல்லாம் அந்த வட்டத்தில் உட்கார்ந்து பேசுவதுதானே. நீங்கள் வாருங்கள் அப்பா. வந்து உங்கள் கையால் இறைச்சியைப் பங்கிட்டுவிட்டுத் திரும்பிப் போங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

இதை லாரிக்கார ஜொல்தோஷ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

அன்பு மகள்,
பெரிசாத்


நோவோசிபிர்ஸ்க்,
8 ஜனவரி 2004

என் தங்கம் பெரிக்கு,

அப்பா நலம். காது இருக்கிறது, மூக்கும் இருக்கிறது. மூக்கு மட்டும் சிவந்துபோய் உள்ளூர்க்காரன் மூக்காகிவிட்டது. நீ முதல் மதிப்பெண் வாங்கியதை இங்கே கட்டட வேலையில் இருக்கும் எல்லோரிடமும் சொன்னேன். மேஸ்திரி, "உன் பொண்ணா? நெஜமாவா?" என்றான். உன் அம்மா பக்கத்து மூளை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஷெரினேயைப் பற்றிக் கவலைப்படாதே. அப்பா வருகிறேன். நம் வட்டத் தலைவர் முக்காஷ் பெரியவரிடம், இஷென்பெக் வருகிறான், அவன் முறையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்று சொல். என் பேச்சுக்கு அங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது. புள்ளிக் கிடாவுக்கு நன்றாகத் தீனி போடுங்கள். கல்முராத் அண்ணன் வாய் அப்படித்தான், மனசில் ஒன்றும் கிடையாது.

நீ விடுமுறையில் விளையாடு, தூங்கு, கொழுத்துப் போ. வீட்டுப் பாரமெல்லாம் உனக்கு எதற்கு? மேரிமுக்கு முத்தம். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அப்பா,
இஷென்பெக்


ஜும்கால்,
17 ஜனவரி 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மேரிம் உங்கள் முத்தத்தை என்னிடமிருந்து வலுக்கட்டாயமாக வசூல் செய்துகொண்டாள்.

நீங்கள் சொன்னபடி முக்காஷ் தாத்தாவிடம் போனேன். "போன வருஷமும் இதே கதைதானடி சொன்னீங்க" என்றார். பிறகு தாடியைத் தடவி, "சரி, கடைசி முறை உங்களது. பிப்ரவரி ஏழு. முறை மாத்துனதுக்கு அபராதம் உண்டு" என்றார். அபராதம் என்ன தெரியுமா? அடுத்த விருந்துக்கு நான் ஆற்றில் பனியை உடைத்துத் தண்ணீர் சுமக்க வேண்டுமாம். சுமந்தேன். தண்ணீர் பாதி வாளியில், பாதி என் பாவாடையில். பாவாடை விறைத்து மணி மாதிரி நின்றது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அந்த வட்டத்தில் உட்கார்ந்து சிரிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது அப்பா. அங்கே நான் யாருக்கும் விருந்தாளி இல்லை.

அன்றைக்கு ஜொல்தோஷ் அண்ணனும் வந்திருந்தார். மகிழ்ச்சியாகத்தான் சொன்னார்: "உங்கப்பா இப்ப நல்ல வீட்டுல இருக்காரும்மா. கொட்டகையில இல்ல. ஜன்னலுக்குத் திரை, மேசைக்கு விரிப்பு, நல்ல ஊறுகாய்." பிறகு ஏதோ நினைவு வந்தவர் போலச் சட்டென்று நிறுத்தி ரொட்டியைக் கடித்தார். நான் விடவில்லை. வெளியே லாரியருகே போய்க் கேட்டேன். வாசலில் சின்னப் பிள்ளையின் பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் தேநீர் குடிச்சேன், வந்துட்டேன்" என்று லாரியின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லையோ என்று தோன்றுகிறது. அம்மா உங்கள் கடிதத்தைப் படிப்பதற்கு முன் முகர்ந்து பார்க்கிறார்.

எனக்குக் கோபம் வருகிறது அப்பா. அழுகையும் வருகிறது, ஆனால் கோபம்தான் அதிகம். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது எனக்கு ஒரே ஒரு பதில் போதும். பிப்ரவரி ஏழுக்கு வருகிறீர்களா, இல்லையா? வரவில்லை என்றால் யாருக்கு எந்த எலும்பு என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். ஆட்டின் உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்புக்கும் லத்தீனில் பெயர் சொல்வேன். எது யார் முன்னால் போக வேண்டும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. பெரியப்பாவைக் கேட்க மாட்டேன். அவர் கையில் கத்தி போனால் நம் வீடே அவர் வீடாகிவிடும்.

பெரிசாத்


நோவோசிபிர்ஸ்க்,
26 ஜனவரி 2004

அன்பு மகளுக்கு,

பிப்ரவரியில் வர முடியாது போலிருக்கிறது. கூரை வேலை பாதியில் நிற்கிறது, மேஸ்திரி விடமாட்டேன் என்கிறான். வசந்தத்தில் நிச்சயம் வருகிறேன். ஜொல்தோஷ் ஒரு வாயாடி. அவன் பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்துச் சொல்வான். பெரியவர்கள் வாழ்க்கையில் பல விஷயம் இருக்கும், நீ படிப்பைப் பார்.

எலும்பு வரிசை கேட்டாய். இடுப்பெலும்பு இரண்டு. ஒன்று முக்காஷ் பெரியவருக்கு. வால் பகுதி, கூட்டத்தில் மூத்த பெண்மணிக்கு. தொடையெலும்பு அடுத்த வயதுக்காரர்களுக்கு, அதில் ஒன்று கல்முராத் அண்ணனுக்கு. பின்னங்கால் இளைஞர்களுக்கு. விலா மருமகள்களுக்கு. முன்னங்கால் கீழெலும்பு சின்னப் பிள்ளைகளுக்கு. அதை மட்டும் எந்த ஆண்பிள்ளை முன்னாலும் வைத்துவிடாதே, பெரிய அவமானம்.

இரண்டாவது இடுப்பெலும்பு வீட்டுக்காரனுடையது, அதாவது என்னுடையது. அதைத் துணியில் கட்டிக் குளிர் அறையில் தொங்கவிடு. என் இடம் என் இடமாகவே இருக்கட்டும். நான் சொன்னேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.

வெட்டிப் பங்கிடுவதை மட்டும் கல்முராத் அண்ணனிடம் விடு, தங்கம். பொண்ணு கத்தி எடுத்தாள் என்றால் ஊர் சிரிக்கும்.

அப்பா


ஜும்கால்,
9 பிப்ரவரி 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷெரினே முடிந்தது. வீட்டில் இன்னும் கொழுப்பு வாசனை போகவில்லை. மேரிம் எண்ணெயில் பொரித்த போர்சோக்கைத் தின்று தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன். ஜொல்தோஷ் அண்ணன் சொல்வதற்கு முன்னால் நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் இரவே அம்மாவிடம் பூட்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "எப்படிம்மா?" என்றேன். "உங்கப்பன் எனக்கு வணக்கம் எழுதறான் பாரு. பதினெட்டு வருஷத்துல அவன் எனக்கு வணக்கம் சொன்னதே இல்ல. 'ஏய் சபீரா, இன்னுமா டீ வரல?'ன்னுதான் எழுதுவான்." பிறகு மாவைத் திருப்பிப் போட்டு ஓங்கி ஒரு குத்து. மறுநாள் விருந்தில் அந்த நூடுல்ஸ் மிக நன்றாக வந்திருந்தது, எல்லோரும் சொன்னார்கள்.

வட்டம் முழுக்க வந்தது. பெரியப்பா சொந்தக் கத்தியோடு வந்தார். இடுப்பிலிருந்து அதை உருவியபடியே நேராகத் தட்டின் முன்னால் போய் உட்காரப் பார்த்தார். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன். "எழுந்திரு கண்ணு, சூடு ஆறுது" என்றார். "ஆறாது பெரியப்பா, நான் வேகமா வெட்டுவேன்" என்றேன். "பொண்ணு பங்கு போட்டு நான் திங்கணுமா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். நான் கத்தியை எடுத்தேன். கத்தி மூட்டுக்குள் நழுவிப் போனது. மூட்டு எங்கே பிரியும் என்று எனக்குத் தெரியும். ஒரு எலும்பையும் உடைக்காமல் எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். முக்காஷ் தாத்தா எட்டிப் பார்த்து, "இந்தப் பொண்ணு ஆட்டைக் கழட்டல, சட்டையைக் கழட்டின மாதிரி கழட்டுது" என்றார். சபை சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு தவறு செய்தேன். ஆவியில், அவசரத்தில், பெரியப்பா முன்னால் முன்னங்கால் கீழெலும்பை வைத்துவிட்டேன். பிள்ளைகளின் பங்கு! ஒரு கணம் எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள், பிறகு கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். "கல்முராத்துக்கு ஒரு பொம்மையும் குடுங்கடி!" என்று யாரோ கத்தினார்கள். உடனே மன்னிப்புக் கேட்டு, தொடையெலும்பை எடுத்து வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நம்ப வேண்டாம்.

கடைசியாகத் தட்டில் உங்கள் இடுப்பெலும்பு மட்டும் இருந்தது. அம்மா துணியை மடித்துத் தயாராகக் கையில் வைத்திருந்தார். பெரியப்பா கையை நீட்டினார். "அது என் தம்பி பங்கு. அவன் இல்லாதப்ப அண்ணன் வாங்கறதுதான் மரியாதை. குடு இங்க."

அப்பா, நீங்கள் எழுதிய வார்த்தைகள் எனக்கு நினைவிருந்தன. துணியில் கட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி உங்கள் பெயரைச் சொல்லியிருக்கலாம். பெரியப்பாவும் அடங்கியிருப்பார். அப்புறம் இன்னொரு குளிர்காலம் நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். இந்த வீட்டில் பனியைத் தள்ளியது யார்? கன்று குறுக்கே மாட்டியபோது பசுவுக்குள் கை விட்டு இழுத்தது யார்? புள்ளிக் கிடாவுக்குத் தன் சால்வையைப் போர்த்திக் காப்பாற்றியது யார்? நான் தட்டை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தேன். "இந்த வீட்டுக்காரர் பங்கு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அம்மா என்னைப் பார்த்தார். மடித்த துணியைப் பார்த்தார். அதை மடியில் விரித்துக்கொண்டு, கத்தியை வாங்கி, ஒரு துண்டு சீவி வாயில் போட்டார். மெதுவாக மென்றார். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

பெரியப்பா எழுந்து தொப்பியை எடுத்தார். முக்காஷ் தாத்தா அவரைப் பார்க்காமலே சொன்னார்: "உக்காரு கல்முராத். விருந்து முடியறதுக்கு முன்னால எழுந்தா அபராதம், ஒரு ஆடு." பெரியப்பா உட்கார்ந்தார். தாத்தா அம்மாவின் பக்கம் திரும்பி, "சபீரா, வட்டத்துக்குப் புதுசா வந்தவங்கதான் வர்ற குளிர்காலத்துல மொத முறை வைக்கணும். தெரியுமில்ல?" என்றார். வாய் நிறைய இறைச்சியோடு அம்மா, "வச்சுட்டா போச்சு" என்றார்.

இத்தனை வருஷமாக அவர்கள் அம்மாவை "இஷென்பெக் வீட்டுக்காரி" என்றுதான் கூப்பிட்டார்கள். உங்களுக்கே தெரியும்.

எனக்கு விடுமுறை முடிகிறது. அடுத்த திங்கட்கிழமை பிஷ்கெக் போகிறேன். குழாயைச் சரிசெய்துவிட்டார்களாம், எனக்குச் சறுக்கிப் பழக்கமாகிவிட்டதால் கொஞ்சம் வருத்தம்தான்.

உங்களை வெறுக்க முயன்று பார்த்தேன் அப்பா, வரவில்லை. உங்கள் வேடிக்கைப் பேச்சு இந்த வீட்டில் இல்லாதது எனக்கு இன்னும் வலிக்கிறது. அதனால் வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வசந்தத்திலோ எப்போதோ வாருங்கள். ஆனால் வருகிற நாளை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நம் ஊரில் வெளியூரிலிருந்து வருகிறவரை வெறும் தட்டோடு அனுப்புவதில்லை. விருந்தாளிக்கு என்ன எலும்பு என்று நான் விசாரித்து வைக்கிறேன்.

பெரிசாத்