வெள்ளம் என்று நீங்கள் சொன்னது

மதினி,

நேற்று குற்றாலத்தில் ஒரு அம்மாள் என்னிடம் வெள்ளம் கேட்டாள். பேரருவியிலிருந்து திரும்பும் வழியில், கடை வரிசை முடிகிற இடத்தில், ஈரத் தலையோடு ஒரு பித்தளைச் செம்பை நீட்டிக்கொண்டு நின்றாள். மலைக்கு அந்தப்புறம், புனலூர்ப் பக்கத்து முகம். "கொறச்சு வெள்ளம் தருமோ, மோளே?" என்றாள். பக்கத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவன், "என்னது, வெள்ளமா? சீசன் நேரத்துல ஏம்மா இப்பிடிப் பயமுறுத்துதீங்க?" என்று சிரித்தான். நீங்கள் இருந்திருந்தால் அவனை ஒரு வழி பண்ணியிருப்பீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூஜாவில் அருவித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். செம்பில் விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. அந்த அம்மாள் அதை எட்டிப் பார்த்தாள். தெளியட்டும் என்று செம்பை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது.

மலையாள ராஜ்யத்தில், புளியரையில் பிறந்த உங்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். எங்களுக்கு அது வீட்டை அடித்துக்கொண்டு போவது. கல்யாணமான புதிதில், வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, "வெள்ளம் வந்துட்டு, வெள்ளம் வந்துட்டு" என்று வாசலில் நின்று குதித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு பரணில் ஏறினாள். எதிர்வீட்டில் கோழியைப் பிடிக்க ஓடினார்கள். விஷயம் தெரிந்ததும் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம வீட்டுக்கு ஒரு வெள்ளக்காரி வந்திருக்கால்லா!" என்று ஊர் முழுக்கச் சொன்னார். அந்தப் பேர் நிலைத்துவிட்டது. நானும் அப்படிக் கூப்பிட்டுத்தான் உங்களிடம் தலையில் குட்டு வாங்கினேன்.

பிறகு ராஜ்யங்களைப் பிரித்தார்கள். புளியரையோடு சேர்த்துச் செங்கோட்டை நம் பக்கம் வந்தது. "இனி நீங்க எங்க ராஜ்யம், மதினி. ஒழுங்கா தண்ணின்னு சொல்லிப் பழகுங்க" என்றேன். "எல்லக் கோட்ட மாத்திப் போட்டா நாக்கு மாறிருமாட்டி?" என்று கேட்டீர்கள். ஆனால் மாற்றிக்கொண்டீர்கள். வீட்டில் தண்ணி, கடையில் தண்ணி, கிணற்றடியில் தண்ணி. பழைய சொல் கோபத்தில் மட்டும்தான் எட்டிப் பார்க்கும். சமாதானமாக இருக்கும்போது நீங்கள் தென்காசிக்காரி, சண்டை வந்தால் புளியரைக்காரி என்று அம்மா சொல்லுவாள்.

பேப்பர் வந்ததும் முதலில் படிப்பது நீங்கள்தான். படித்ததோடு விடமாட்டீர்கள். மந்திரி பேசியது சரியில்லை என்பீர்கள், அணை கட்டுவது சரி என்பீர்கள், எஸ்டேட்டுக்காக மலையை மழிப்பது அக்கிரமம் என்பீர்கள். கதர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டே அண்ணன் கேட்பார்: "ஒன்ட்ட எவன் அபிப்பிராயம் கேட்டான்?" அதற்கு நீங்கள், "வோட்டு மட்டும் எங்கிட்ட கேக்குதீங்கள்லா?" என்பீர்கள். அப்போதெல்லாம் அது விளையாட்டுச் சண்டை.

கூப்பு வந்த வருஷம்தான் விளையாட்டு போனது. மேலே குற்றால மலையில், நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் ஓடை பிறக்கிற சரிவில், மரம் வெட்டும் கூப்புக் குத்தகைக்கு ஒரு காண்ட்ராக்டர் கேட்டிருந்தார். அண்ணனின் கட்சிக்காரர், அண்ணனைத் தேர்தலில் நிறுத்தப்போகிறவர். ரோடு வரும், ஹைஸ்கூல் கட்டடம் வரும், கீழத்தெரு ஆட்களுக்குக் கூலிவேலை வரும் என்று அண்ணன் சொன்னார். பொய்யாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். முந்தின ஐப்பசியில் ஓடை பெருகிக் கீழத்தெருவில் சுவர்கள் இடிந்திருந்தன. மேலே விழுந்து கிடக்கும் மரமும் சருகும் ஓடையை அடைப்பதால்தான் அப்படி ஆனது, கூப்பு எடுத்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று காண்ட்ராக்டர் வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். பயந்து கிடந்த ஜனங்களுக்கு அது நியாயமாகப் பட்டது.

உங்களுக்குப் படவில்லை. "ஏற்கெனவே எஸ்டேட்டுக்கு மழிச்ச எடத்துலேருந்துதான் ஓடை கலங்கி வந்துச்சு. மிச்சத்தையும் மழிச்சா கோடையில வாய்க்கால்ல என்ன வரும், காத்தா? மலைக்கு வோட்டு கெடையாது, அதான் இந்தப் பாடு" என்றீர்கள். நம் வயல் அந்த வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது நம்முடையதுதான். அது அண்ணனுக்கும் தெரியும்.

விசாரணைக்கு அதிகாரி வருகிறார், பஞ்சாயத்து ஆபீசில் யார் வேண்டுமானாலும் அபிப்பிராயம் சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள். போய்ப் பேசப்போகிறேன் என்றீர்கள். அண்ணன் சாப்பாட்டை விட்டு எழுந்தார். "நீ அங்கன வந்து வாயத் தொறந்தா, பொறவு இந்த வாசல் மிதிக்காத. புளியரைக்கு பஸ் இருக்கு" என்றார். அவர் அப்படிப் பேசி அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. அம்மா அழுதாள். நீங்கள் அவர் இலையை எடுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்து, அடுக்களையில் என்னை நிறுத்தி வைத்துப் பேசிப் பார்த்தீர்கள். "மரத்தை வெட்டினால் தண்ணீர் வராது." அதிகாரி வெளியூர்க்காரர், அதனால் சுத்தமாகத் தண்ணீர், தண்ணீர் என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். "வெள்ளம்னு வாயில வந்துரப் பிடாது, மதினி" என்றேன். "நான் என்ன பச்சப்பிள்ளையா?" என்றீர்கள்.

அன்றைக்கு ஆபீஸ் நிறைந்து வழிந்தது. பெண்கள் நாங்கள் ஜன்னலுக்கு வெளியே. நீங்கள் மட்டும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றீர்கள். காண்ட்ராக்டர் எழுந்து, "கூப்பு எடுத்தா வெள்ளம் வராதுய்யா" என்று முடித்தார். கீழத்தெருக்காரர்கள் தலையாட்டினார்கள். வேறு யாரும் பேசுகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. தஞ்சாவூர்ப் பேச்சு, மரியாதையான மனிதர். நீங்கள் ஓர் அடி முன்னால் வந்தீர்கள். அப்போது காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன், "புளியரைப் பொம்பளைக்கு எங்க மலையில என்ன சோலி?" என்றான். சிரிப்பு எழுந்தது. உங்கள் கழுத்து சிவந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் கோபப்பட்டால் எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும்.

"மரத்த வெட்டினா வெள்ளம் வராது! கேட்டுக்கிடுங்க, ஒரு சொட்டு வெள்ளம் வராது!"

காண்ட்ராக்டர்தான் முதலில் கை தட்டினார். "அதத்தானேய்யா நானும் சொல்லுதேன்! அண்ணாச்சி வீட்டம்மாவே சொல்லிட்டாவ!" என்றார். ஆபீஸ் முழுக்கக் கை தட்டியது. நீங்கள் பேசியதற்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்தீர்கள். ஒரு நிமிஷம் உங்கள் முகம் மலர்ந்தது. மதினி, அந்த முகத்தைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

"ரொம்ப நல்லதும்மா. அப்ப உங்களுக்கும் சம்மதம்தான்" என்று அதிகாரி சொன்ன பிறகே உங்களுக்கு விளங்கியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தண்ணியச் சொல்லுதாவ! தண்ணி வராதுன்னு சொல்லுதாவ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "சும்மா கெடட்டி" என்று யாரோ ஜன்னல் கதவைச் சாத்தினார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தேன். நீங்கள் வேறு யாரிடமும் முறையிடவில்லை, அண்ணனைப் பார்த்தீர்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஆபீசில் யாருமில்லை. அதை வைத்து உங்களுக்குப் பேர் வைத்தவரே அவர்தான். அவர் தோளில் கிடந்த துண்டைச் சரி பண்ணிக்கொண்டார். பிறகு, "உக்காரு" என்றார். அவ்வளவுதான். வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

நீங்கள் புளியரைக்கு பஸ் ஏறவில்லை. நேரே வீட்டுக்கு வந்து உலை வைத்தீர்கள். அண்ணன் வந்து உட்கார்ந்ததும் சோறு போட்டு, செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டீர்கள்: "வெள்ளம் வேணுமா?"

அவர் தலை நிமிரவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் உங்கள் வாயில் தண்ணி என்ற சொல் வரவே இல்லை. மற்றவர்களிடம் சாதாரணமாகத்தான் பேசினீர்கள். அவரிடம் அந்த ஒரு கேள்விதான், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும். அவர் தேர்தலில் ஜெயித்து மாலையோடு வந்த அன்றும், "வெள்ளம் வேணுமா?" வேண்டும் என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் அவர் வாங்கிக் குடிப்பார். போதும் மதினி, விட்டுவிடுங்கள் என்று ஒருநாள் கெஞ்சினேன். "நான் என்னட்டி செஞ்சேன்? வெள்ளம்தானே கேட்டேன்" என்றீர்கள்.

மரம் இறங்கியது. நாள் முழுக்க லாரி. பச்சை மர வாடை தெருவில் நிற்கும். ரோடு வந்தது, ஹைஸ்கூல் கட்டடமும் வந்தது. நான் இன்று பாடம் நடத்துவது அந்தக் கட்டடத்தில்தான், அதை மறைப்பானேன்? அது வேண்டாம் என்று நீங்களும் சொன்னதில்லை. அதற்கு அந்தச் சரிவுதான் கிடைத்ததா என்றுதான் கேட்டீர்கள். பிறகு ஓர் ஐப்பசியில் ஓடை செக்கச் செவேலென்று இறங்கிக் கீழத்தெருவுக்குள் புகுந்தது. வந்த வேகத்தில் வடிந்து, அடுத்த பங்குனிக்கு வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. எங்கள் வெள்ளம் வந்தது, உங்கள் வெள்ளம் வரவில்லை. கீழத்தெருப் பெண் ஒருத்தி குடத்தோடு நம் கிணற்றுக்கு வந்தவள், "அன்னிக்கு நீங்க தண்ணியத்தான் சொன்னீயளாக்கும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நீங்கள் ஒரு வாளி இறைத்து அவள் குடத்தில் ஊற்றினீர்கள். கடைமடை வயலை அண்ணன் தரிசாகப் போட்டார்.

இந்தி வேண்டாம் என்று பிள்ளைகள் தெருவில் இறங்கிய வருஷம் நானும் அவர்களோடு நின்றேன். நீங்களும் வாசலில் நின்று மோர் கொடுத்தீர்கள். திரும்பி வந்ததும் என்னிடம் கேட்டீர்கள்: "மொழிக்குன்னு இத்தன பேரு வந்தீங்களே. என் ஒத்தச் சொல்லு என்னன்னு கேக்க அன்னிக்கு ஒருத்தனுக்குத் தோணலியே?"

போன தையில் காய்ச்சலில் கிடந்தீர்கள். டாக்டர் கைவிட்ட பிறகு ஒவ்வொருவராக வந்து வாயில் தண்ணீர் விட்டோம். கடைசியாக அண்ணன் வந்தார். செம்பைக் கையில் எடுத்தார். பிறகு குனிந்து, "ஏளா, கொஞ்சம் வெள்ளம் குடி" என்றார். மூடியிருந்த கண்ணைத் திறந்தீர்கள். "என்ன சொன்னீய?" என்றீர்கள். "வெள்ளம்" என்றார் மறுபடியும். உங்கள் உதட்டில் பழைய குறும்பு வந்தது. "தண்ணின்னு சொல்லுங்க. இங்கன யாருக்கும் வெளங்காது" என்றீர்கள். அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசியது.

அவர் கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்துக்கொண்டு அழுததை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன். மதினி, அவர்மேல் எனக்கு இரக்கமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டில் எதையும் விட மனசு வரவில்லை.

இப்போது ஆட்சி மாறிவிட்டது. காண்ட்ராக்டரின் துண்டுக்கரையும் மாறிவிட்டது. லாரி மட்டும் அதே லாரி. அடுத்த சரிவில் கூப்பு கேட்டிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அதே ஆபீசில் விசாரணை. நேற்று குற்றாலத்திலிருந்து வந்ததும், நான் போய்ப் பேசப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "நானும் வாரேன். இந்தத் தடவ உக்காருன்னு சொல்ல மாட்டேன்" என்றார். வாங்க என்று மட்டும் சொன்னேன்.

நேற்று அந்தப் புனலூர் அம்மாளின் செம்பு தெளிய வெகுநேரம் ஆனது. அடியில் விரல் கனத்துக்குச் செம்மண். மேலாக இருந்ததை மட்டும் குடித்துவிட்டு, மிச்சத்தை ஒரு செடிக்கு ஊற்றினாள். அந்த மண் எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் ஜன்னலுக்கு வெளியே நிற்கப்போவதில்லை. நீங்கள் நின்ற சுவரோரத்தில் நிற்பேன். தண்ணீர் என்று சொல்லிப் பழகிக்கொண்டு போகவும் மாட்டேன். நீங்கள் சொன்னதையே சொல்லுவேன்: மரத்த வெட்டினா வெள்ளம் வராது. அவர்கள் கை தட்டட்டும், தட்டி முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு அதற்கு அர்த்தம் சொல்லுவேன்.